ஆங்கிலத்தில் அப்பாஸ்ட்ரஃபி இடுவது எப்படி: விதி முடியும் இடமும் சண்டை தொடங்கும் இடமும்

ஆங்கில எழுத்துகளின் தலைமாட்டில் தொங்கும் சிறு கொக்கியான அப்பாஸ்ட்ரஃபிக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, விட்டுப்போன எழுத்தின் இடத்தைக் காட்டுவது. மற்றொன்று, உடைமையைக் காட்டுவது. பழைய ஆங்கிலத்தில் பல பெயர்ச்சொற்கள் உடைமைப் பொருளில் “ஈ எஸ்” என்னும் ஈற்றைப் பெற்றிருந்தன. அந்த ஈ உதிர்ந்த இடத்தில் கொக்கி வந்து அமர்ந்தது என்பதால், இரண்டாம் வேலையும் முதல் வேலையிலிருந்து பிறந்ததே.

படி 1: விடுபட்ட எழுத்தைத் தேடுங்கள்

“டூ நாட்” சுருங்கி “டோன்’ட்” ஆகும்போது மறைவது “நாட்” என்பதன் நடுவிலுள்ள ஓ. ஆகவே குறி “என்”, “டீ” என்னும் எழுத்துகளுக்கு இடையில் நிற்க வேண்டும். இரு சொற்களும் ஒட்டிய இடத்தில் குறியிடுவதே புதிதாகக் கற்போர் செய்யும் வழக்கமான தவறு.

படி 2: உடையவரை முதலில் முழுதாக எழுதுங்கள்

ஒரு மாணவர் என்றால் “ஸ்டூடன்ட்” என்று எழுதி, குறியும் எஸ்ஸும் சேர்த்து “ஸ்டூடன்ட்’ஸ்” ஆக்குங்கள். பல மாணவர்கள் என்றால் “ஸ்டூடன்ட்ஸ்” என்று எழுதிய பின் குறியை மட்டும் இட்டு “ஸ்டூடன்ட்ஸ்’” ஆக்குங்கள். “சில்ட்ரன்” எஸ்ஸில் முடியாத பன்மையாதலால் “சில்ட்ரன்’ஸ்” என்றே வரும். ஒருமையா பன்மையா என்பதைப் பொருள்தான் தீர்மானிக்கிறது: அமெரிக்காவில் அன்னையர் நாளைத் தொடங்கிய அன்னா ஜார்விஸ், ஒவ்வொரு குடும்பமும் தன் தாயைப் போற்றும் நாள் அது என்பதால், குறி எஸ்ஸுக்கு முன்னால்தான் வர வேண்டும் என்று வலியுறுத்தினார்.

படி 3: “இட்ஸ்”, “இட்’ஸ்” இரண்டையும் பிரியுங்கள்

தமிழர்களுக்கு இங்கே ஓர் எளிய சோதனை கைவசம் இருக்கிறது. அந்த இடத்தில் “அதன்” பொருந்தினால் குறி வேண்டாம். “அது” பொருந்தினால் குறி வேண்டும். “அதன் நிறம்” என்பதில் குறியில்லை, “அது என் புத்தகம்” என்பதில் குறி உண்டு. “மழை பெய்கிறது” போன்ற வாக்கியங்களில் தமிழில் இரண்டுமே வராது என்பதால், அப்போது ஆங்கிலத்திலேயே “இட் இஸ்” என்று விரித்துப் படித்துப் பாருங்கள். தவறினால் வெட்கப்பட வேண்டியதில்லை: 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தின் மூலப்படியில், முதல் விதியின் பத்தாம் பிரிவில், “அதன்” என்னும் பொருளிலேயே “இட்’ஸ்” இருக்கிறது. அக்காலத்தில் அது தவறாகவும் எண்ணப்படவில்லை.

படி 4: வெறும் பன்மைக்குக் குறியிடாதீர்கள்

காய்கறிக் கடைப் பலகைகளில் “ஆப்பிள்’ஸ்” என்று எழுதுவதை ஆங்கிலேயர் காய்கறிக் கடைக்காரர் குறி என்றே கேலி செய்வர். ஆனால் தனி எழுத்தைப் பன்மையாக்கும்போது குறி பயன்படுகிறது. மதிப்பெண் தாளில் பல “ஏ”க்கள் வாங்கியதைக் குறியின்றி எழுதினால் அது “ஆஸ்” என்னும் வேறு சொல்லாகத் தோன்றிவிடும். நியூயார்க் டைம்ஸ் நெடுங்காலம் “1980’ஸ்” என்று குறியிட்டே அச்சிட்டது. இன்று அதைப் பெரும்பாலோர் விட்டுவிட்டனர்.

படி 5: எஸ்ஸில் முடியும் பெயர்களுக்கு ஒரு பக்கம் சேருங்கள்

இதுவரை சொன்னவற்றில் பெரிய தகராறு இல்லை. இனிமேல்தான் படித்தவர்களே மோதிக்கொள்கிறார்கள். செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸின் எழுத்து நடைக் கையேட்டின்படி கமலா ஹாரிஸின் பெயருக்குப் பின் குறி மட்டும் போதும். சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் நடைக் கையேட்டின்படி “ஹாரிஸ்’ஸ்” என்று இன்னோர் எஸ் வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலும் இந்தப் பிளவு உண்டு: 2006-இல் கான்சஸ் மாநிலத்தின் மரண தண்டனைச் சட்டம் பற்றிய வழக்கில், பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய கிளாரன்ஸ் தாமஸ் “கான்சஸ்’” என்றும், மாறுபட்ட தீர்ப்பை எழுதிய டேவிட் சூட்டர் “கான்சஸ்’ஸ்” என்றும் எழுதினர். எனக்கு இரண்டாவதே பிடிக்கும், ஏனெனில் வாய் உச்சரிப்பதைத்தான் கையும் எழுதுகிறது. நீங்கள் எதைத் தேர்ந்தாலும் ஒரே கட்டுரைக்குள் மாற்றாதீர்கள். அலுவலகத்திற்கென்று கையேடு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

படி 6: இடப்பெயர்களை விதியால் திருத்தாதீர்கள்

பெயர்ப் பலகை இலக்கணத்துக்குக் கட்டுப்படுவதில்லை. 1890-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க இடப்பெயர் வாரியம் உடைமைக் குறியைப் பொதுவாக ஏற்பதில்லை. மார்த்தா’ஸ் வினியார்டு போன்ற மிகச் சில பெயர்களுக்கே விலக்கு அளித்திருக்கிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகர மன்றம் புதிய தெருப் பெயர்களில் குறியை விலக்கியபோது எதிர்ப்பு கிளம்பி, 2014-இல் அம்முடிவைக் கைவிட நேர்ந்தது. லண்டன் ரயில் நிலையமான செயின்ட் ஜேம்ஸ்’ஸ் பார்க்கில் குறிக்குப் பின்னும் ஓர் எஸ் உண்டு. நியூகாசில் கால்பந்து மைதானமான செயின்ட் ஜேம்ஸ்’ பார்க்கில் இல்லை. லண்டனின் பிக்கடிலி தடத்தில் அடுத்தடுத்து வரும் எர்ல்’ஸ் கோர்ட், பேரன்ஸ் கோர்ட் என்னும் நிலையங்களில் முன்னதற்குக் குறி உண்டு, பின்னதற்கு இல்லை. ஆகவே முகவரி எழுதும்போது விதியை ஓரமாக வைத்துவிட்டு, வரைபடத்தைப் பார்த்து அப்படியே எழுதுங்கள்.