7000 ஆர்பிஎம்மில் இடறிய டர்போ: கோளாறு ஸ்பிரிங்கில்

மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் காரின் 4ஜி63 டர்போ எஞ்சினில் 272 டிகிரி கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட பிறகு, முழு பூஸ்ட்டில் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) 7000 ஆர்பிஎம்மைத் தாண்டினால் வண்டி இடறியது. ஸ்பார்க் கோளாறோ என்று பிளக் இடைவெளியைக் குறைத்தேன், காயில் மாற்றினேன். பலனில்லை. பெட்ரோல் அழுத்தமும் சரியாகவே இருந்தது.

பூஸ்ட்டை 1 பாருக்கு இறக்கினால் இடறலே இல்லை. கூட்டக் கூட்ட, இன்னும் குறைந்த ஆர்பிஎம்மிலேயே தொடங்கியது. ஸ்பார்க் அணைவதாக இருந்தால் டார்க் உச்சத்தில் இருக்கும் நடு ஆர்பிஎம்மில் அல்லவா முதலில் தெரிய வேண்டும்? அங்கே சுத்தமாக இழுத்தது. அப்படியானால் வால்வ் மிதக்கிறது, அதாவது ஸ்பிரிங்கால் அதை நேரத்துக்கு மூட முடியவில்லை. காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் விட்டம் 34 மி.மீ. 1.5 பார் பூஸ்ட் அதன் முதுகில் ஏறக்குறைய 14 கிலோ பாரமாக அழுத்தும். வால்வை மூடும் ஸ்பிரிங்கின் பிடியில் அவ்வளவும் கழிந்துபோகிறது. லிஃப்ட் (வால்வ் திறக்கும் உயரம்), டியூரேஷன் (திறந்திருக்கும் காலம்) மட்டும் பார்த்து கேம் வாங்கினால் இந்தக் கணக்கு கண்ணில் படாது.

கேமுக்கு ஏற்ற கடினமான ஸ்பிரிங்கும், அதை வால்வோடு பிடித்து வைக்கும் ரிடெய்னரும் வாங்கினேன். அப்புறம் செய்ததுதான் முக்கியம்: 16 வால்வுக்கும் ஸ்பிரிங் உட்காரும் உயரத்தைத் தனித்தனியே அளந்து, ஷிம் (மெல்லிய வளையத் தகடு) வைத்துச் சமப்படுத்தினேன். முழு லிஃப்ட்டில் சுருள்கள் முட்டவில்லை என்பதையும் உறுதிசெய்தேன். தேவைக்கு மேல் கடினமான ஸ்பிரிங் வேண்டாம், கேமின் லோபு (வால்வைத் தள்ளும் புடைப்பு) சீக்கிரம் தேயும்.

இப்போது அதே 1.5 பாரில் 7500 வரை இடறாமல் இழுக்கிறது. நிம்மதி.