குரூப் 9 ரக்பி லீக்: ஒரு பருவத்தை முழுதாகப் பின்தொடர்வது எப்படி

நியூ சவுத் வேல்ஸின் ரிவரினா வட்டாரத்துக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊரே மைதானத்தில் இருக்கிறதே, நாங்கள் போனால் ஏதாவது புரியுமா?" ஒரே ஆட்டத்தில் புரியாது. ஏப்ரலில் தொடங்கி செப்டம்பரில் முடியும் ஒரு பருவம் முழுக்கக் கூடவே இருந்தால் நன்றாகப் புரியும். என் மகள் இங்கே லீக் டேக் (மோதல் இல்லாத ரக்பி லீக்) ஆடுகிறாள். அவளை அழைத்துப்போய் வேலியோரம் நின்ற குளிர்காலங்களில்தான் இந்தப் போட்டி எனக்குப் பிடிபட்டது. புதிதாக வருகிறவர்கள் இன்னும் சீக்கிரம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு கிளப்பைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றே ஒன்று. எல்லா அணிகளையும் பொதுவாகப் பார்க்கிறவருக்கு ஜூன் மாதத்துக்குள் சலித்துவிடும். குரூப் 9 என்பது வாகா வாகாவையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்த போட்டி. வாகாவிலேயே கங்காரூஸ், பிரதர்ஸ், சவுத்சிட்டி என்று கிளப்புகள் இருக்கின்றன. வெளியே கண்டகாய் டைகர்ஸ், டியூமட் ப்ளூஸ், டெமோரா டிராகன்ஸ், ஜூனி டீசல்ஸ், யங் செர்ரிபிக்கர்ஸ், தெற்கே எல்லையோரத்தில் ஆல்பரி தண்டர். பெயர்களிலேயே ஊரின் தொழில் தெரியும்: யங் செர்ரித் தோட்டங்களின் ஊர், ஜூனி ரயில்வே ஊர். நீங்கள் வசிக்கும் ஊரின் கிளப்தான் உங்கள் கிளப். வாகாவில் இருந்தால், உங்கள் பிள்ளையின் வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் எந்தச் சட்டையைப் போடுகிறார்கள் என்று பாருங்கள். அதுவே போதுமான காரணம்.

விதிகளுக்கு அதிக நேரம் வேண்டாம். ஓர் அணியில் 13 பேர். முதல் கிரேடு, அதாவது கிளப்பின் முதன்மை அணி ஆடும் ஆட்டம், 80 நிமிடம், இரண்டு பாதி. பந்தோடு ஓடுபவரை எதிரணி பிடித்து நிறுத்துவது டேக்கிள். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள். கிரிக்கெட்டில் ஓர் ஓவருக்கு ஆறு பந்து என்பதைப் போல, அதற்குள் முடிந்ததைச் செய்துவிட வேண்டும். ஆறாவது டேக்கிளில் பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஆகவே ஐந்தாவது முடிந்ததும் பெரும்பாலும் உதைத்துவிடுவார்கள். இந்த ஆறையும் சேர்த்து ஒரு செட் என்பார்கள். எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதிப்பது ட்ரை. அதற்கு 4 புள்ளி, அதன் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் கன்வர்ஷனுக்கு 2, எதிரணி விதி மீறியதற்காகக் கிடைக்கும் பெனால்டி கோலுக்கும் 2, ஆட்டத்தின் ஓட்டத்திலேயே உதைக்கும் ஃபீல்டு கோலுக்கு 1. முன்னோக்கிப் பந்தை எறியக் கூடாது, நழுவவிட்டு முன்னால் தள்ளவும் கூடாது. இவ்வளவு தெரிந்தால் முதல் ஞாயிறுக்குப் போதும். ரக்பி யூனியன் வேறு ஆட்டம். லீக் அதிலிருந்து 1895இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் பிரிந்தது, சிட்னியில் 1908இல் லீக் போட்டி தொடங்கியது. இரண்டையும் ஒன்றாகப் பேசினால் பக்கத்தில் நிற்பவர் உங்களைத் திருத்துவார், அன்போடுதான்.

மைதானத்துக்கு எப்போது போவது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்: காலையிலேயே போங்கள். முதல் கிரேடு ஆட்டம் பிற்பகலில் கடைசியாக நடக்கும். அதற்கு முன்னால் இளையோர் ஆட்டம், பெண்களின் லீக் டேக், கிளப்பின் இரண்டாம் அணியான ரிசர்வ் கிரேடு எல்லாம் முடிந்துவிடும். கடைசி ஆட்டத்துக்கு மட்டும் வந்து போகிறவருக்குப் பருவத்தின் பாதி தெரியாது. லீக் டேக்கில் உடல் மோதல் இல்லை. இடுப்பில் ஒட்டியிருக்கும் பட்டையைப் பிடுங்கினால் டேக்கிள் கணக்கு. விதிகளை அமைதியாகக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை, பந்தின் போக்கு தெளிவாகத் தெரியும். ரிசர்வ் கிரேடு இன்னும் முக்கியம். ஜூலையில் முதல் கிரேடில் ஆட்டத்தை நடத்தும் ஹாஃப்பேக் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு வெளியேறும்போது, அடுத்த வாரம் யார் அந்த இடத்தில் நிற்பார், அவரால் உதைக்க முடியுமா என்பதற்குப் பதில் ரிசர்வ் கிரேடில்தான் இருக்கிறது. அதைக் காலையிலேயே பார்த்தவர் நீங்களாக இருங்கள்.

கார் வைத்திருந்தால் வேலியை நோக்கி நிறுத்துங்கள். தங்கள் அணி ட்ரை போட்டால் எல்லாக் கார்களும் ஹாரன் அடிக்கும். நீங்களும் அடிக்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். கம்பளி, மழைச்சட்டை, தடித்த காலுறை கட்டாயம். ரிவரினாவின் ஜூன், ஜூலைப் பனி எலும்பைத் தொடும். கேன்டீனில் வாங்கும் மீட் பையும் (இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி) தேநீரும் கிளப்பின் வருமானம். அங்கே நிற்பவர்கள் ஆட்டக்காரர்களின் தாய்தந்தையர். அவர்களோடு பேசத் தொடங்கினால் பருவத்தின் செய்திகள் தாமாக வந்து சேரும்.

இனி நோட்டு. ஒரு சாதாரண பள்ளி நோட்டு, ஒரு பென்சில். குளிரிலும் தூறலிலும் பேனா எழுதாது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பக்கம். மேலே தேதி, மைதானம், எதிரணி, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, தரை ஈரமா. கீழே உங்கள் அணிக்கு ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு குறி: டேக்கிள்களைப் பயன்படுத்தி உதைத்தோ ட்ரை போட்டோ முடித்திருந்தால் ஒரு சரி, நடுவில் பந்தை நழுவவிட்டிருந்தால் ஒரு பெருக்கல் குறி. பெருக்கல் குறிக்குப் பக்கத்தில், நழுவியது சொந்தப் பாதியிலா எதிராளி பாதியிலா என்று ஓர் எழுத்து. இவ்வளவுதான். 36 செட்டில் 27 முடிந்திருந்தால் நான்கில் மூன்று பங்கு. அதே அணி தோற்ற வாரத்தில் 34இல் 19 என்று இருந்தால், நடுவரைத் திட்டுகிறவர்களுக்கு நடுவே நீங்கள் மட்டும் காரணத்தைக் கையில் வைத்திருப்பீர்கள். சொந்தப் பாதியில் விழுந்த பந்துகளை எண்ணுங்கள். எதிரணியின் ட்ரைகளில் பல அவற்றுக்கு அடுத்த செட்டிலேயே வந்திருப்பதைக் காண்பீர்கள்.

ஸ்கோரையும் மொத்தமாக எழுதாமல் பிரித்து எழுதுங்கள். நான்கு ட்ரையும் ஒரு கோலும் (கன்வர்ஷனோ பெனால்டியோ) 18. மூன்று ட்ரையும் மூன்று கோலும் 18. தாளில் அது டிரா. நோட்டிலோ, ஓர் அணிக்குக் கோல் உதைப்பவர் இல்லை என்பது எழுதப்பட்டிருக்கும். அந்தக் குறை மே மாதத்தில் யாருக்கும் தெரியாது, செப்டம்பரில் எல்லாருக்கும் தெரியும்.

புள்ளிப்பட்டியலைப் படிப்பது தனிக் கலை. வெற்றிக்கு 2, டிராவுக்கு 1. கிளப்புகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் ஒவ்வொரு வாரமும் ஓர் அணிக்கு ஆட்டம் இருக்காது. அதை பை (bye) என்பார்கள், அதற்கும் 2 புள்ளி கிடைக்கும். ஒன்பது கிளப்புகள் சொந்த மைதானத்திலும் வெளியிலும் ஒருமுறை மோதினால் ஒவ்வொன்றுக்கும் 16 ஆட்டமும் 2 பையும், ஆக 18 சுற்று. இதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். எட்டாவது சுற்றில் மேலே இருக்கும் அணி ஏற்கெனவே பையை எடுத்துவிட்டிருக்கலாம். ஒரு படி கீழே இருப்பவர்கள் இன்னும் எடுக்காமல் இருக்கலாம். எல்லாரிடமிருந்தும் பையின் புள்ளிகளைக் கழித்துவிட்டு ஒரு பட்டியலை நீங்களே எழுதுங்கள். அந்தப் பட்டியல்தான் பேசும்.

அடுத்தது போட்ட புள்ளிக்கும் விட்ட புள்ளிக்கும் உள்ள வித்தியாசம். சமநிலையில் இரண்டு அணிகள் இருந்தால் வழக்கமாக இதைத்தான் பார்ப்பார்கள். ஆனால் கிராமப்புறப் போட்டியில் ஒரே ஒரு ஆட்டம் இந்த எண்ணை ஊதிவிடும். ஓர் அணிக்கு வித்தியாசம் 84 என்று வைத்துக்கொள்ளுங்கள்; அதில் ஒரு ஆட்டம் 66–0 என்றால் மீதி எல்லா ஆட்டங்களுக்கும் சேர்த்து 18தான். காயங்களால் ஆள் குறைந்து வந்த எதிரணியை அடித்ததற்கு அவ்வளவு மதிப்பு கொடுக்கக் கூடாது. ஒவ்வோர் அணியின் மிகப் பெரிய வெற்றியையும் மிகப் பெரிய தோல்வியையும் நீக்கிவிட்டுக் கூட்டிப் பார்ப்பது என் வழக்கம். அப்படிப் பார்த்தால் ஐந்தாம் இடத்தில் இருப்பவர்கள் மூன்றாம் இடத்துக்காரர்களைவிட உறுதியானவர்கள் என்று சில ஆண்டுகளில் தெரிகிறது.

தூரத்தையும் கணக்கில் சேருங்கள். டியூமட்டும் கண்டகாயும் அரை மணி நேரப் பயணத்தில் அண்டை ஊர்கள். யங்கிலிருந்து ஆல்பரிக்கோ 250 கிலோமீட்டருக்கு மேல். இங்கே ஆடுகிறவர்கள் முழுநேர விளையாட்டு வீரர்கள் அல்லர். வாரம் முழுக்க விதைத்து, வெல்டிங் செய்து, லாரி ஓட்டிவிட்டு வருகிறவர்கள். ஏப்ரல், மே மாதங்கள் கோதுமையும் கனோலாவும் விதைக்கும் காலம். பயிற்சிக்கு ஆள் குறையும். பருவத் தொடக்கத்தில் வெளியூரில் தடுமாறிய அணியை அந்தத் தோல்வியை மட்டும் வைத்து ஒதுக்கிவிடாதீர்கள். அதே எதிரணி உங்கள் ஊருக்கு வரும் நாளைச் சுற்றி வட்டமிட்டு வையுங்கள்.

அண்டை ஊர் ஆட்டங்களைத் தவறவே விடாதீர்கள், குறிப்பாக கண்டகாய்–டியூமட். இந்த வட்டாரத்தில் மேஹர் கோப்பை என்று ஒன்று 1920இலிருந்து 1971 வரை ஆடப்பட்டது. டியூமட்டில் விடுதி நடத்திய ஒருவர் கொடுத்த கோப்பை அது. கோப்பையை வைத்திருக்கும் ஊரை மற்ற ஊர் சவால்விட்டு வந்து ஆடிப் பறித்துக்கொண்டு போகும். ஊர்களுக்கு இடையே அன்று வளர்ந்த வீம்பு இன்றும் வேலியோரம் நிற்கும் பெரியவர்களிடம் இருக்கிறது, கேளுங்கள், சொல்வார்கள். எரிக் வைசலைப் பற்றியும் கேளுங்கள். கூட்டமண்ட்ராவில் 1903இல் பிறந்தவர். சிட்னி கிளப் போட்டியில் ஆடாமலேயே ஆஸ்திரேலியாவுக்கு டெஸ்ட் ஆடினார். 1932இல் பிரிஸ்பேனில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் கணுக்கால் அடிபட்ட நிலையில் நொண்டியபடியே ஓடி ஒரு ட்ரைக்கு வழிசெய்தார். குரூப் 9இன் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் வைசல் பதக்கம் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஜூனி மைதானத்துக்குப் போனால் அதற்கு ஆஸ்திரேலியாவுக்கு ஆடிய லாரி டேலியின் பெயர். அவர் அந்த ஊர்ப் பிள்ளை. இவற்றைத் தெரிந்துகொண்டு நிற்பவருக்கு ஆட்டம் இரட்டிப்பாகத் தெரியும்.

ஆகஸ்டில் கணக்கு மாறும். பட்டியலில் முதலிடத்தில் முடிப்பவர் மைனர் பிரீமியர். அது பாராட்டு மட்டுமே. உண்மையான பட்டம் இறுதிச் சுற்றுகளில் முடிவாகும். உங்கள் ஆண்டின் முறை என்ன என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். கிராமப்புறப் போட்டிகளில் அதிகம் காணப்படுவது ஐந்து அணி முறை. முதல் வாரம் இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் மோதும். நான்கும் ஐந்தும் மோதும், அதில் தோற்றவர் வெளியே. முதலிடத்துக்கு ஓய்வு. இரண்டாம் வாரம் முதலிடம் அந்த முதல் ஆட்டத்தின் வெற்றியாளரோடு ஆடும். வென்றவர் நேரே கிராண்ட் ஃபைனலுக்கு. மற்ற ஆட்டத்தில் இரண்டு–மூன்றில் தோற்றவரும் நான்கு–ஐந்தில் வென்றவரும். மூன்றாம் வாரம் எஞ்சிய இருவர் மோதி, வென்றவர் கிராண்ட் ஃபைனலுக்குப் போவார். ஆக முதல் மூன்று இடங்களுக்கு ஒரு தோல்வியைத் தாங்கும் இடம் உண்டு, நான்குக்கும் ஐந்துக்கும் இல்லை. கடைசிச் சுற்றுகளில் மூன்றாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் நடக்கும் போட்டி ஏன் அவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பது இப்போது விளங்கும்.

இன்னொன்று: இறுதிச் சுற்றில் ஒரு கிரேடில் ஆட, அந்தப் பருவத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கை ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பார்கள். உங்கள் நோட்டில் யார் எந்த வாரம் எந்தக் கிரேடில் ஆடினார் என்று எழுதியிருந்தால், காயத்திலிருந்து திரும்பும் ஒருவரைக் களமிறக்க முடியுமா என்பது உங்களுக்கு முன்பே தெரியும்.

கிராண்ட் ஃபைனல் அன்றும் காலையிலேயே போங்கள். நான்கு கிரேடுக்கும் அன்றுதான் முடிவு. என் மகளின் ஆட்டம் போன்றவற்றுக்குக் கூட்டம் அப்போதுதான் சேரத் தொடங்கியிருக்கும், ஆனால் ஆடுகிற பெண்களுக்கு அதுதான் ஆண்டின் பெரிய நாள். உரக்கக் கத்துங்கள்.

அது முடிந்ததும் நோட்டை மூடி வைக்க வேண்டாம். அக்டோபரிலிருந்து யார் எந்தக் கிளப்புக்கு மாறினார், எந்த ஊர் புதிய கேப்டன்-கோச்சைக் கொண்டுவந்தது, ரிசர்வ் கிரேடிலிருந்து யார் மேலே வருகிறார் என்ற செய்திகள் ஒவ்வொன்றாக வரும். கடைசிப் பக்கங்களில் கிளப்புக்கு ஒரு பத்தியாக எழுதிக்கொண்டே வாருங்கள். பிப்ரவரி, மார்ச்சில் ரிவரினா புல்ஸ் அணி வட்டாரச் சாம்பியன்ஷிப்பில் ஆடும்போது, அதில் உங்கள் கிளப்பிலிருந்து யார் தேர்வானார் என்பதையும் சேர்த்துவிட்டால், புதிய அட்டவணை கைக்கு வருவதற்குள் முதல் ஐந்து இடங்களை ஊகிக்கத் தேவையானது எல்லாம் உங்களிடம் இருக்கும்.