யாழ்ப்பாணத்துக் குசினியில் ஒரு மத்தியதரைக் கடல் விருந்து

சோறு, கறி, புட்டு, இடியப்பம் எல்லாவற்றுக்கும் ஒரு நாள் ஓய்வு கொடுத்துவிட்டு, ஆறு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டு ஸ்பானியக் கடலுணவுச் சோறும் லெபனான் பக்கத்துத் தொடுகறிகளும் வைக்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். நண்டுக் கறி வைக்கத் தெரிந்த எவரும் இதைச் செய்யலாம். அந்தச் சமையலுக்கு வேண்டிய நல்ல மீன், இறால், கத்தரிக்காய், தயிர், எள்ளு எல்லாமே எங்கள் சந்தைகளில் இருக்கின்றன. வெளியிலிருந்து வர வேண்டியவை ஒலிவ் எண்ணெயும் குங்குமப்பூவும்தான். இரண்டும் சுப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும்.

தொடங்குமுன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். ஆட்கள் வந்த பிறகு அடுப்படியில் நின்று சமைப்பது ஒரே ஒரு சாப்பாடாகத்தான் இருக்க வேண்டும். அது பாயெல்லா என்ற அந்த ஸ்பானியக் கடலுணவுச் சோறு. மற்றதெல்லாம் முதல் நாளே முடிந்து குளிர்சாதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். பெரிய விருந்துகள் குழம்புவது சமையல் கடினம் என்பதால் அல்ல, நான்கு சட்டிகள் ஒரே நேரத்தில் கவனம் கேட்பதால்.

நாளையும் பார்த்து வையுங்கள். வெள்ளிக்கிழமையும் நல்லூர்த் திருவிழாக் காலமும் வேண்டாம். பலர் மச்சம் தொடமாட்டார்கள். கூப்பிடும்போதே யார் சைவம் என்று கேட்டுவிடுங்கள். அவர்களுக்கு வேண்டியதைக் கீழே சொல்கிறேன்.

முதல் நாள்: தயிர், கடலை, கத்தரிக்காய்

லப்னே என்ற வடித்த தயிரை முதலில் தொடங்குங்கள். ஒரு லீற்றர் கெட்டித் தயிரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கலந்து, சுத்தமான பருத்தித் துணியில் கொட்டி, ஒரு வடியின் மேல் வைத்து, அடியில் பாத்திரம் வைத்துவிடுங்கள். சட்டியில் விற்கும் எருமைத் தயிர் இதற்கு மிக நல்லது. எங்கள் வெயிலில் வெளியே தொங்கவிட்டால் புளித்துப்போகும், ஆகவே குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே வடியட்டும். பன்னிரண்டு மணித்தியாலத்தில் பாணில் பூசும் பதத்துக்கு வந்துவிடும்.

ஹமுஸ் என்ற கடலை விழுதுக்கு 250 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையை அதற்கும் முந்தின இரவே ஊறப்போடுங்கள். அவிக்கும் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா போட்டால் தோல் இளகிக் கழன்றுவிடும், கடலையும் வெண்ணெய் போல அரைபடும். சுண்டலுக்கு அவிக்கும் பதம் இதற்குப் போதாது. இரண்டு விரலுக்கிடையில் அழுத்தினால் ஒரு நறநறப்பும் இல்லாமல் நசிய வேண்டும்.

அடுத்தது தஹினி என்ற எள்ளு விழுது. கறுப்பு எள்ளு வேண்டாம், கசக்கும். தோல் நீக்கிய வெள்ளை எள்ளு 120 கிராமைச் சிறு நெருப்பில் வறுத்து, மணம் எழும்பியதும் நிறம் மாறுமுன் இறக்குங்கள். மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு மிக்ஸியில் விழுதாகும் வரை அரையுங்கள். ஒலிவ் எண்ணெயோடு ஒரு கரண்டி நல்லெண்ணெய் சேர்ப்பது என் விருப்பம். அதுவும் எள்ளுதானே, நன்றாகப் பொருந்துகிறது. இந்த விழுதில் கால் பங்கைக் கத்தரிக்காய்க்கு எடுத்து வைத்துவிடுங்கள்.

இரண்டு பல்லு உள்ளியைத் துருவி மூன்று மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளியில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பச்சை உள்ளியின் காரத்தைப் புளி அடக்கிவிடும். அப்புறம் அதை வடித்து, அந்தப் புளியை மட்டும் எடுத்து, கடலை, எள்ளு விழுது, உப்போடு சேர்த்து அரையுங்கள். அரைபடும்போது ஐஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டால் நிறம் வெளுத்து, பொங்கிய மாதிரி மென்மையாக வரும். மிக்ஸியைச் சீக்கிரம் நிறுத்தாதீர்கள். நாலைந்து நிமிடம் ஓடட்டும்.

கத்தரிக்காய் சுட்டுச் சம்பல் போடுகிற ஊருக்கு முத்தபல் என்ற சுட்ட கத்தரிக்காய்த் தொடுகறியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இரண்டு பெரிய கத்தரிக்காயைச் சிரட்டைக் கரியிலோ காஸ் நெருப்பிலோ தோல் கருகி, காய் தளர்ந்து விழும் வரை சுடுங்கள். தோலைக் கையால் உரியுங்கள், குழாயடியில் கழுவினால் புகை மணம் போய்விடும். சதையை வடியில் அரை மணித்தியாலம் வைத்து நீரை இறக்கி, முள்ளுக்கரண்டியால் மசித்து, எடுத்து வைத்த எள்ளு விழுது, இரண்டு கரண்டி லப்னே, தேசிக்காய்ப் புளி, உப்பு சேருங்கள். வெங்காயமும் பச்சை மிளகாயும் கை தானாகத் தேடும். இன்றைக்கு வேண்டாம்.

பாணைக் கடையில் வாங்குங்கள். நல்ல ரோஸ்பாணை வெட்டி, சுடு கல்லில் இரண்டு பக்கமும் காட்டினால் போதும்.

விருந்து நாள் காலை: சந்தையும் சாறும்

பாசையூர் அல்லது குருநகருக்கு வெள்ளெனப் போய் தலையோடு இறால் முக்கால் கிலோ, கணவாய் அரைக் கிலோ, பாரமான நீலக்கால் நண்டு மூன்று வாங்குங்கள். இறால் தலையை வீட்டில் யாரும் எறிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாயெல்லாவின் சுவை முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. சுத்தம் செய்த கடலுணவு சமைக்கும் வரை குளிரிலேயே இருக்கட்டும்.

ஒரு பானையில் ஒலிவ் எண்ணெய் விட்டு, இறால் தலை, கோது, நண்டின் சின்னக் கால்கள் எல்லாவற்றையும் சிவக்க வதக்குங்கள். அகப்பைக் காம்பால் தலைகளை நசித்தால் செம்மஞ்சள் எண்ணெய் பிரிந்து வரும். அந்த எண்ணெயைக் கண்டதும் வெட்டிய வெங்காயம் ஒன்று, தக்காளி இரண்டு, உள்ளி நாலு பல்லு, மிளகு பத்து சேர்த்து, இரண்டு லீற்றர் தண்ணீர் விட்டு, அரை மணித்தியாலம் மெதுவாகக் கொதிக்க வைத்து வடியுங்கள். ஒன்றரை லீற்றர் அளவில் சாறு கிடைக்கும். உப்பைத் தாராளமாகப் போடுங்கள், அரிசி பெரும்பங்கை உறிஞ்சிவிடும். வடித்த சாற்றையும் ஆறியதும் குளிரில் வையுங்கள்.

பாயெல்லா

ஸ்பெயினின் வலென்சியாப் பக்கத்துச் சாப்பாடு இது. அங்கே பழைய முறையில் முயல், கோழி, போஞ்சி போடுவார்கள். கடலுணவு போட்டது கரையோரத்து வகை. அவர்களுடைய பொம்பா அரிசி குட்டையாக, உருண்டையாக இருக்கும். மூன்று மடங்கு நீரைக் குடித்தும் குழையாது. எங்களிடம் அதற்குக் கிட்டே வருவது கீரிச்சம்பா. பாஸ்மதி வேண்டாம், அது சாற்றை அவ்வளவாக உள்ளே எடுக்காது. ஆலைக்கு ஆலை அரிசி மாறும் என்பதால், விருந்துக்கு முந்தின வாரம் ஒரு சுண்டு அரிசியில் சமைத்துப் பார்த்து நீரின் அளவைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தாச்சியில் இது சரிவராது. ஆழத்தில் அரிசி குவிந்து அவியும். 28 சென்ரிமீற்றர் அகலமான தட்டையான பொரிசட்டி இரண்டு எடுத்து, இரண்டு அடுப்பிலும் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் 250 கிராம் அரிசி, 600 மில்லிலீற்றர் கொதிக்கும் சாறு. மிச்சச் சாறு பக்கத்தில் சூடாக இருக்கட்டும்.

அரிசியைக் கழுவினால் துணியில் பரப்பி நன்றாக உலர விடுங்கள். கால் தேக்கரண்டி குங்குமப்பூவை விரலால் நொறுக்கி, கொஞ்சம் சூடான சாற்றில் ஊறப்போடுங்கள். அதற்குப் பதிலாக மஞ்சள் போட்டால் நிறம் கிடைக்கும், மணம் கறிக்குப் போய்விடும். கறித்தூளும் அப்படித்தான். காரம் வேண்டுமென்றால் விதை எடுத்த செத்தல் மிளகாய் இரண்டை ஊறவைத்து அரைத்துக்கொள்ளுங்கள். ஸ்பானியர் போடும் பப்ரிகாவின் இடத்தை அது ஓரளவு நிரப்பும்.

ஆட்கள் வந்து ஹமுஸோடு இருக்கும்போது அடுப்பை மூட்டுங்கள். சூடான எண்ணெயில் கணவாயை ஒரு நிமிடம் பிரட்டி எடுத்துவிடுங்கள். அதே எண்ணெயில் வெங்காயம், கறிமிளகாய், உள்ளி, பிறகு துருவிய தக்காளி, மிளகாய் விழுது. தக்காளியின் நீர் முழுவதும் வற்றி, கலவை கருஞ்சிவப்பாகி எண்ணெய் விடும் வரை பொறுங்கள். அதற்குப் பதினைந்து நிமிடமாவது ஆகும், அவசரப்படாதீர்கள். அரிசியைக் கொட்டி ஒரு நிமிடம் பிரட்டி, சாறும் குங்குமப்பூவும் ஊற்றி, அரிசியைச் சமமாகப் பரப்புங்கள்.

இனி அகப்பையைக் கீழே வைத்துவிடுங்கள். கிளறினால் மா கரைந்து களியாகிவிடும். பாதியாக வெட்டிய நண்டைச் செருகி, நடுத்தர நெருப்பில் பத்து நிமிடம். அரிசி மேலே தெரிந்ததும் நெருப்பைக் குறைத்து, கணவாயையும் இறாலையும் மேலே அடுக்கி, இன்னும் எட்டு நிமிடம். ஒரு பருக்கையைக் கடித்துப் பாருங்கள். நடுவில் கடினமாக இருந்தால் சூடான சாறு அரைக் கோப்பை தெளியுங்கள்.

கடைசியில் நெருப்பைக் கூட்டி, ஒரு நிமிடம் காதைக் கொடுங்கள். கொதிக்கும் குமிழிச் சத்தம் அடங்கி மெல்லிய சடசடப்பு வரும், பிறகு வறுத்த மணம் எழும்பும். அந்த மணத்தில் கருகல் கலக்குமுன் நிறுத்துங்கள். சட்டியின் அடியில் பொன்னிறமாக ஒட்டிக்கொள்ளும் அந்தப் பற்றுக்குத்தான் வலென்சியாவில் சாப்பாட்டு மேசையில் போட்டி. சுத்தமான துணியால் மூடி, ஏழு நிமிடம் விட்டு, சட்டியோடே மேசைக்குக் கொண்டுபோங்கள். தேசிக்காய்த் துண்டுகள் பக்கத்தில் இருக்கட்டும்.

சைவக்காரர் இருந்தால் ஒரு சட்டியை முழுவதும் அவர்களுக்கு ஒதுக்குங்கள். சாறுக்கு வதக்கிய காளான், வெங்காயம், கரட், தக்காளி. மேலே போஞ்சி, கறிமிளகாய், காளான். அகப்பையும் வடியும் வேறாக இருக்க வேண்டும். அதைச் சமைப்பதற்கு முன்பே அவர்களிடம் சொல்லிவிட்டால் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

இனிப்புக்கு மிச்ச லப்னேயில் தேன் விட்டு, பருவமானால் கறுத்தக்கொழும்பான் மாம்பழத் துண்டுகள், இல்லாவிட்டால் முந்திரிகைப் பழம் (திராட்சை). மிஞ்சிய சோற்றை மேசையில் கிடக்க விடாமல் ஆறியதும் உடனே குளிரில் வையுங்கள், அடுத்த நாள் சட்டியில் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடலாம்.