‘கேப்பபிள்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பிழையின்றிக் கையாள்வது எப்படி?

‘கேப்பபிள்’ என்னும் பெயரடைக்கு அகராதிகள் திறமையான, ஆற்றலுள்ள, வல்ல என்று பொருள் தருகின்றன. மூன்றும் சரியானவையே. ஆனால் பொருள் தெரிந்தவர்களும் வாக்கியத்தில் வைக்கும்போது இச்சொல்லில் தடுமாறுகிறார்கள்.

அதற்குக் காரணம் நம் மொழியின் அமைப்பு. ‘செய்ய வல்லவர்’, ‘எழுதக்கூடியவர்’ என்று வினையெச்சத்தை முன்வைத்துப் பேசிப் பழகிய நாம், ஆங்கிலத்திலும் அதே அச்சில் ‘கேப்பபிள் டு டூ’ என்று எழுதிவிடுகிறோம். இது பிழை. இச்சொல்லுக்குப் பின் ‘ஆஃப்’ வர வேண்டும். அதன் பின் வரும் வினை ‘இங்’ ஈறு பெற வேண்டும். ‘ஷீ இஸ் கேப்பபிள் ஆஃப் டூயிங் இட்’ என்பதே முறை. ‘டு’ சேர்த்து எழுத விரும்பினால் ‘ஏபிள்’ என்ற சொல்லுக்கு மாறிக்கொள்ள வேண்டும்: ‘ஷீ இஸ் ஏபிள் டு டூ இட்’.

விதியை மனப்பாடம் செய்வதைவிட, சொல்லின் வேரை அறிந்துகொள்வது நெடுநாள் உதவும் என்பது என் கருத்து. பிடித்தல், கொள்ளுதல் என்று பொருள்படும் ‘காப்பெரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து இச்சொல் பிறந்தது. கொள்ளளவைக் குறிக்கும் ‘கெபாசிட்டி’யும் அதே வேரில் கிளைத்ததே. ஆகவே ஒருவரை ‘கேப்பபிள்’ என்னும்போது, அச்செயலைக் கொள்ளும் இடம் அவருக்குள் இருக்கிறது என்கிறோம். ‘ஆஃப்’ என்பதற்குப் பின் வருவது, உள்ளே கொள்ளப்பட்ட அந்தப் பொருள். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் புகழ்பெற்ற நிலத்தோட்ட வடிவமைப்பாளர் லான்சிலாட் பிரவுன் (1716–1783), தம்மை அழைத்த நிலவுடைமையாளர்களிடம் அவர்களுடைய நிலத்தில் ‘கேப்பபிலிட்டிஸ்’ இருப்பதாகச் சொல்லும் வழக்கத்தால் ‘கேப்பபிலிட்டி பிரவுன்’ என்றே பெயர் பெற்றார். இன்னும் வெளிப்படாத, ஆனால் உள்ளே இருக்கிற வாய்ப்பையே அவர் அச்சொல்லால் குறித்தார்.

‘ஏபிள்’ என்ற சொல்லோடு இதற்குள்ள வேறுபாடும் இங்கேதான் தெளிவாகிறது. தமிழில் ‘முடியும்’ என்ற ஒரே வினை ஆற்றலையும் சூழலையும் சேர்த்துத் தாங்குகிறது. ‘நாளை என்னால் வர முடியாது’ என்பவருக்கு வரும் ஆற்றல் இல்லாமல் இல்லை. வேறு வேலை இருக்கிறது, அவ்வளவுதான். அதை ‘ஐ ஆம் நாட் கேப்பபிள் ஆஃப் கமிங்’ என்று எழுதினால், வருவதற்கான வலிமையே தமக்கு இல்லை என்று அறிவித்ததாகிவிடும். தடை வெளியிலிருந்து வருமானால் ‘நாட் ஏபிள் டு’ அல்லது ‘அனேபிள் டு’. இயல்பிலேயே இல்லையென்றால் ‘இன்கேப்பபிள் ஆஃப்’. பொய் சொல்லத் தெரியாத மனிதரை ‘இன்கேப்பபிள் ஆஃப் லையிங்’ என்பது இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு.

பெயருக்கு முன்னால் நேரடியாக வரும்போது ‘ஆஃப்’ தேவையில்லை. ‘எ கேப்பபிள் மேனேஜர்’ என்றால், ஒப்படைத்த காரியத்தைப் பதறாமல் ஒழுங்காக முடிப்பவர் என்று பொருள். இது பாராட்டுதான், ஆனால் அளந்து கொடுக்கும் பாராட்டு. தனித்திறமையால் வியக்க வைக்கும் கலைஞரைப் பரிந்துரைக்கும் கடிதத்தில் இச்சொல்லை மட்டும் எழுதினால், அவரைக் குறைத்துச் சொன்னது போலாகும்.

எப்போதும் நற்பொருளே தரும் என்று நம்பி ஏமாறவும் கூடாது. ‘ஹீ இஸ் கேப்பபிள் ஆஃப் எனிதிங்’ என்பதை ‘எல்லாவற்றிலும் வல்லவர்’ என்று மொழிபெயர்த்தால் பெரும்பாலும் தலைகீழாகிவிடும். சூழலைப் பொறுத்து அது ‘எதற்கும் துணிந்தவன்’ என்ற எச்சரிக்கையாக அமையும். கொலை, வஞ்சகம் போன்ற சொற்களும் ‘ஆஃப்’ என்பதற்குப் பின் இயல்பாக வந்து அமரும். அதுபோலவே ‘ஐ ஆம் பெர்ஃபெக்ட்லி கேப்பபிள்’ என்று தொடங்கும் வாக்கியத்தில், ‘எனக்கே செய்யத் தெரியும், நீங்கள் தலையிட வேண்டாம்’ என்ற எரிச்சல் தொனிப்பதுண்டு. மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது.

உயிரற்ற பொருள்களுக்கும் இச்சொல் பொருந்தும். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்லவல்ல வாகனத்தைப் பற்றி எழுதும்போது, ‘ஏபிள்’ என்பதைவிட ‘கேப்பபிள் ஆஃப்’ என்பதே இயல்பாக ஒலிக்கும். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. செயலைச் செய்யும் ஆற்றலை மட்டுமல்லாமல், செயலுக்கு உட்படும் தன்மையையும் இச்சொல் சுட்டும். ஒரு சட்ட விதி ‘கேப்பபிள் ஆஃப் டூ இன்டர்பிரட்டேஷன்ஸ்’ என்றால், அதற்கு இரு வகையாகப் பொருள் கொள்ள இடமுண்டு என்பதாகும். உங்கள் கட்டுரை ‘கேப்பபிள் ஆஃப் இம்ப்ரூவ்மென்ட்’ என்று ஆசிரியர் எழுதித் தந்தால், அது புகழுரையன்று. திருத்த இன்னும் இடமிருக்கிறது என்று நயமாகச் சொல்கிறார்.