குழந்தைக்குச் சிரங்கு மீண்டும் மீண்டும் வந்தால்: வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் பூச வேண்டிய மருந்து

களிம்பு பூசியதும் சில நாட்கள் குழந்தை நிம்மதியாகத் தூங்கும். மூன்று வாரம் கழித்து விரலிடுக்கில் மறுபடியும் பொரிப்பொரியாகக் கொப்புளம் எழும், இரவெல்லாம் சொறியும். இப்படி இரண்டு மூன்று சுற்றுகளைக் கடந்து களைத்துப்போன பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இது நான்கு மாதம் நீடித்தது. அதற்குள் மூன்று முறை மருந்தை மாற்றினோம். ஆனால், அரிப்பே இல்லை என்று சொன்ன பாட்டிக்கு மட்டும் ஒருமுறைகூடப் பூசவில்லை. குழந்தை தினமும் தூங்கியதோ பாட்டியின் முந்தானைக்குள்.

பாட்டிக்கு ஏன் அரிக்கவில்லை என்பதை அறிந்தால், சிரங்கு ஏன் திரும்பி வருகிறது என்பதும் விளங்கிவிடும். சிரங்கை உண்டாக்குவது அரை மில்லிமீட்டருக்கும் சிறிய ஓர் உண்ணி. பெண் உண்ணி தோலின் மேலடுக்கில் வளை தோண்டி, நாளொன்றுக்கு இரண்டு மூன்று முட்டைகள் இடுகிறது. அவை மூன்று நான்கு நாட்களில் பொரிந்து, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் முழு வளர்ச்சி அடைகின்றன. அரிப்பு என்பது உண்ணி கடிப்பதால் வருவதன்று. உண்ணிக்கும் அதன் முட்டைக்கும் கழிவுக்கும் எதிராக நம் உடல் காட்டும் ஒவ்வாமை. முதல்முறை தொற்றுபவருக்கு அந்த ஒவ்வாமை உருவாக நான்கு முதல் ஆறு வாரங்கள்கூட ஆகலாம். அவ்வளவு காலமும் அவர் அரிப்பின்றி இருந்துகொண்டே, பக்கத்தில் படுப்பவருக்கு உண்ணியைத் தந்துகொண்டிருப்பார். ஏற்கனவே வந்து போன குழந்தைக்கோ, மறுபடி தொற்றினால் ஓரிரு நாட்களிலேயே அரிக்கத் தொடங்கும். ஆகவேதான் குழந்தைக்கு மட்டும் வருவது போலத் தோன்றுகிறது.

மருந்தைத் தொடங்குவதற்கு முன் இது சிரங்குதானா என்று உறுதி செய்துகொள்வது அவசியம். நம் பேச்சு வழக்கில் சொறி, சிரங்கு, படை என்ற மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஆறாத புண்ணையும் சிரங்கு என்கிறோம், வட்டமாகப் பரவும் பூஞ்சைப் படையையும் சிரங்கு என்கிறோம். உண்ணியால் வரும் சிரங்கில் அரிப்பு இரவில் மிகும்; விரலிடுக்கு, மணிக்கட்டு, முழங்கை, அக்குள், தொப்புளைச் சுற்றி, இடுப்பு, பிட்டம், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் கொப்புளங்கள் தெரியும். கைக்குழந்தைகளுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், முகம், தலை ஆகிய இடங்களிலும் வரும். வீட்டில் இன்னொருவரும் சொறிந்துகொண்டிருந்தால் ஐயம் வலுப்படும். தோல் மருத்துவர் உருப்பெருக்கிக் கருவி கொண்டு வளையைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

மருந்துக் கடையில் சீட்டின்றி வாங்கும் கலவைக் களிம்புகளைப் பற்றி இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அவற்றில் பலவற்றில் குளோபெட்டசால் போன்ற வலுவான ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. பூசிய இரண்டே நாளில் சிவப்பும் அரிப்பும் தணிந்து குணமானது போல இருக்கும். உண்ணியோ உள்ளே பெருகிக்கொண்டிருக்கும், தோற்றமும் மாறிவிடுவதால் மருத்துவருக்கே அடையாளம் காண்பது கடினமாகிவிடும். அத்தகைய களிம்பைப் பூசியிருந்தால் அந்தக் குழாயையே எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டு மாதத்திற்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வழக்கமாகத் தரப்படுவது 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு. அதைவிடச் சிறிய குழந்தைக்குக் கந்தகக் களிம்பு போன்றவற்றை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஐவர்மெக்டின் மாத்திரை எடைக்கேற்ற அளவில் இரண்டு தவணைகளாகத் தரப்படுவது. 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது பொதுவாகத் தரப்படுவதில்லை. பென்சைல் பென்சோயேட் திரவம் குழந்தைகளின் தோலில் கடுமையாக எரியும் என்பதால் மருத்துவர் சொன்னபடி நீர்த்துத்தான் பூச வேண்டும். லிண்டேன் என்றும் காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு என்றும் குறிப்பிடப்படும் பழைய மருந்து, நரம்புகளைத் தாக்கி வலிப்பை உண்டாக்கக்கூடியது. குழந்தைகளுக்கு அது வேண்டாம். வேப்பிலை, மஞ்சள், குப்பைமேனி ஆகியவற்றை நம்பி வாரங்களைக் கடத்துவதும், சொறிந்து புண்ணான இடத்தில் அவற்றை உப்போடு அரைத்துத் தேய்ப்பதும் குழந்தைக்குத் துன்பத்தையே கூட்டும். கத்தரிக்காய், கருவாடு, முட்டை என்று பத்தியம் வைக்க வேண்டிய தேவையும் இல்லை.

இனி, அந்த இரவு. வீட்டில் இருப்பவர், அடிக்கடி வந்து தங்குபவர், குழந்தையைத் தூக்கி வைத்துப் பார்த்துக்கொள்பவர் என அனைவரும் கூடியிருக்கும் ஒரு நாளை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோரும் அன்றே பூச வேண்டும். பெரியவர் ஒருவருக்கு ஏறத்தாழ 30 கிராம் களிம்பு தேவைப்படும். ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள குழந்தைக்கு அதில் பாதி, ஒன்று முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைக்குக் கால் பங்கு. ஒரே குழாயை வாங்கி ஐந்து பேர் பகிர்ந்துகொள்வது, நான் பார்த்தவரையில், மிகப் பரவலாக நடக்கும் தவறு. செலவு தடையாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ குடும்பம் முழுவதற்குமாகக் கேளுங்கள்.

குளித்த உடனே சூடான உடம்பில் பூசாமல், தோல் குளிர்ந்து உலர்ந்த பின் பூசுங்கள். அன்று எண்ணெய் தேய்க்க வேண்டாம். நகங்களை ஒட்ட வெட்டிவிட்டு, நக இடுக்கிலும் களிம்பைத் தடவுங்கள். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, கொப்புளம் இல்லாத இடத்தையும் விடாமல், விரலிடுக்கு, தொப்புள், பிட்டப் பிளவு, பிறப்புறுப்பின் மடிப்புகள் என ஒவ்வோர் இடமாகப் பூச வேண்டும். சிறு குழந்தைகளுக்குக் கண்ணையும் வாயையும் தவிர்த்து முகம், காதின் பின்புறம், தலை ஆகியவற்றிலும் பூச மருத்துவர் சொல்வார். நம் வீடுகளில் பலரும் மறப்பது அரைஞாண் கயிறு, மணிக்கட்டில் கட்டிய கறுப்புக் கயிறு, காப்பு, கொலுசு ஆகியவற்றின் அடிப்பகுதியை. முடிந்தால் கயிற்றைக் கழற்றிப் புதிதாகக் கட்டுங்கள். கழற்ற மனமில்லையென்றால் விலக்கிவிட்டு அதன் அடியிலும் பூசுங்கள். களிம்பு எட்டு முதல் பதினான்கு மணி நேரம் உடம்பில் இருக்க வேண்டும். இடையில் கை கழுவினால் கையில் மறுபடி பூச வேண்டும். விரல் சூப்பும் குழந்தைக்குக் கையுறையோ காலுறையோ மாட்டிவிடலாம். பாலூட்டும் தாய் மார்பைக் கழுவிவிட்டுப் பால் கொடுத்து, பிறகு மீண்டும் பூசிக்கொள்ள வேண்டும்.

மறுநாள் காலையில் குளித்து, துவைத்த துணியை உடுத்துங்கள். கடந்த மூன்று நாட்களில் பயன்படுத்திய ஆடை, துண்டு, போர்வை, தலையணை உறை, தூளிச் சேலை ஆகியவற்றை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். துவைக்க முடியாதவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்தால் போதும். மனிதத் தோலை விட்டு விலகிய உண்ணி பொதுவாக இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் உயிர்வாழாது. வீட்டுக்குள் பூச்சிமருந்து அடிப்பது தேவையற்றது, குழந்தைக்குக் கேடும் கூட.

ஏழு நாள் கழித்து, மருத்துவர் வேறு நாள் குறிக்காவிட்டால், இதே முறையில் எல்லோரும் மறுபடி பூச வேண்டும். முதல் இரவில் தப்பிய முட்டைகளிலிருந்து வெளிவந்த குஞ்சுகள், தாமும் முட்டையிடும் முன்பே அழிவது இந்த இரண்டாம் பூச்சில்தான். முதல் பூச்சுக்குப் பின் அரிப்பு குறைந்துவிட்டது என்று இதை விட்டுவிட்ட வீடுகளில் மூன்றாம் வாரம் சிரங்கு திரும்பிவிடுகிறது.

சரியாகச் செய்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம்வரை அரிப்பு நீடிக்கலாம். இறந்த உண்ணிகளின் எச்சம் தோலில் இருக்கும்வரை ஒவ்வாமையும் இருக்கும். இதைத் தோல்வி என்று எண்ணி வாரந்தோறும் களிம்பைப் பூசிக்கொண்டே போனால் தோல் வறண்டு எரிந்து, அதனாலேயே அரிக்கத் தொடங்கும். தேங்காய் எண்ணெயோ ஈரப்பதம் காக்கும் களிம்போ தடவுங்கள். தூக்கம் கெட்டால் ஒவ்வாமைக்கான மருந்தை மருத்துவரிடம் கேளுங்கள். அக்குளிலும் விதைப்பையிலும் வரும் கெட்டியான முடிச்சுகள் உண்ணி அழிந்த பின்னும் சில மாதங்கள் இருக்கக்கூடும். ஆனால் புதிய கொப்புளங்களோ வளைகளோ தோன்றினால், அல்லது நான்கு வாரம் கடந்தும் அரிப்பு குறையவில்லையென்றால், மறுபடி மருத்துவரைப் பாருங்கள். அப்போது மாத்திரையைச் சேர்ப்பதா, மருந்தை மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார்.

சில அறிகுறிகள் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. சொறிந்த இடத்தில் சீழ், தேன்நிறப் பொருக்கு, காய்ச்சல் ஆகியவை இருந்தால் கிருமித்தொற்று சேர்ந்துவிட்டது என்று பொருள். அந்தக் கிருமி ஸ்ட்ரெப்டோகாக்கஸாக இருந்தால் சில வாரங்களுக்குப் பின் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம்: முகம் வீங்கும், சிறுநீர் குறையும், கறுத்த தேநீர் நிறத்தில் போகும். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தைக்குத் தோல் தடித்துச் செதில் செதிலாகப் படிந்தால், அது ஆயிரக்கணக்கான உண்ணிகள் குடியேறிய கடுமையான வகையாக இருக்கலாம். அதற்கு வீட்டு மருத்துவம் போதாது.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. எந்த ஒரு நேரத்திலும் உலகில் 20 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இது இருப்பதாக அந்நிறுவனம் மதிப்பிடுகிறது. தினமும் குளிக்கும் குழந்தைக்கும் வரும் நோய் இது. வெட்கப்பட்டு மறைத்தால், குழந்தையோடு படுத்துறங்கிய அத்தை வீட்டுப் பிள்ளைகளுக்கு மருந்து போய்ச் சேராது. அடுத்த விடுமுறையில் அவர்களிடமிருந்தே திரும்பி வரும். ஆகவே பூசும் நாளுக்கு முன்பே அவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லி, அவர்களையும் அதே இரவில் பூசச் செய்யுங்கள். முதல் பூச்சு முடிந்த மறுநாளே குழந்தை பள்ளிக்குப் போகலாம். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளையானால், அந்த அறையில் உள்ள அனைவருக்கும் ஒரே நாளில் மருந்து பூச விடுதிக் காப்பாளரிடம் பேசி ஏற்பாடு செய்யுங்கள்.