காலேஜ் முடிச்சு வேலை தேடுறவங்க அதிகமா பண்ற தப்புகள்

முதல்ல சம்பளக் கணக்கு, ஏன்னா நிறைய வீட்ல சண்டையே இதுலதான் ஆரம்பிக்குது. டிசிஎஸ் நிஞ்சா ஆஃபர்னா (ஃப்ரெஷர்ஸ்க்கு தர்ற ஆஃபர்) வருஷத்துக்கு 3.36 லட்சம்னு பல பேட்ச்சா கேட்டுட்டு இருக்கோம், அதை 12ஆல வகுத்து மாசம் 28,000 வரும்னு பையன் சொல்லிடுறான், அப்பாவும் அதை நம்பி எஜுகேஷன் லோன் இஎம்ஐ, தங்கச்சி ஃபீஸ்னு பிளான் போட்டுடுறாரு. அவ்வளவு வராது. சிடிசிக்குள்ள, அதாவது கம்பெனி உங்களுக்காக வருஷத்துக்கு பண்ற மொத்த செலவுக்குள்ள, கம்பெனி கட்டுற பிஎஃப், கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ், வேரியபிள் பே எல்லாம் சேர்ந்தே இருக்கும், அதுபோக உங்க பங்கு பிஎஃப்னு பேசிக்ல 12 சதவீதம் பிடிப்பாங்க. கடைசில கைக்கு வர்றது 22, 24 ஆயிரம்தான். சோழிங்கநல்லூர் பக்கம் பிஜில ஷேரிங் எடுத்தாலே சாப்பாடோட ஏழெட்டாயிரம் போயிடும். அதனால ஆஃபர் வந்ததும் ஹெச்ஆர்கிட்ட எது எதுக்கு எவ்வளவுன்னு சம்பள பிரேக்கப் கேளுங்க, இதுல கூச்சப்பட ஒண்ணுமே இல்ல.

அடுத்தது, ஆஃபர் லெட்டர் வந்துடுச்சுன்னு தேடுறதை நிறுத்துறது. 2022 பேட்ச்ல இன்ஃபோசிஸ் ஆஃபர் வாங்கின சுமார் 2000 பேர் ரெண்டு வருஷம் போல காத்திருந்துதான் 2024ல சேர்ந்தாங்க, பேப்பர்லயே வந்த விஷயம். சேர்ந்தப்புறமும் முடியல, 2025 பிப்ரவரில மைசூர் கேம்பஸ்ல இன்டர்னல் டெஸ்ட் பாஸ் ஆகலன்னு 300க்கு மேல டிரெய்னிஸை வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. அந்த டெஸ்ட்டை செமஸ்டர் அரியர் மாதிரி லேசா எடுத்துக்காதீங்க. ஜாயினிங் தேதி கைக்கு வர்ற வரைக்கும் அப்ளை பண்ணிட்டே இருங்க, அதுல துரோகம்லாம் எதுவும் இல்ல, கம்பெனியும் அவங்க வசதியத்தான் பாக்குது.

மெக்கானிக்கல், ஈஈஈ பசங்களுக்கு வேற ஒரு குழப்பம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனில "எடுத்துட்டாங்க"ன்னு சந்தோஷமா போவாங்க, போய் பாத்தா அப்ரண்டிஸ். அப்ரண்டிஸ்னா சட்டப்படி நீங்க அங்க தொழிலாளியே இல்ல, ஒரு வருஷம் முடிஞ்சா பர்மனன்ட் பண்ணியே ஆகணும்னு கட்டாயமும் கிடையாது. போக வேண்டாம்னு சொல்லல, ஷாப் ஃப்ளோர் அனுபவம் நல்லதுதான், ஆனா கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி டிரெய்னியா அப்ரண்டிஸான்னு படிச்சுட்டு போடுங்க.

கவர்மென்ட் வேலைக்கு படிக்கிறேன்னு எல்லாத்தையும் விட்டுட்டு உக்கார்றவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, 2024 டிஎன்பிஎஸ்சி குரூப் 4க்கு நோட்டிஃபிகேஷன்ல வந்தது 6,244 இடம், அப்ளை பண்ணது 20 லட்சம் பேர் கிட்ட. படிங்க, ஆனா கூடவே ஏதாவது ஒரு வேலைல இருங்க.

இதெல்லாம் கூட திருத்திக்கலாம். திருத்தவே முடியாதது ஃபேக் எக்ஸ்பீரியன்ஸ். ஆறு மாசம் ஒண்ணும் அமையலன்னதும் எவனாவது வருவான், "மூணு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் போட்டு தர்றோம், பேஸ்லிப்பும் தர்றோம்"னு. இப்போ உங்க யுஏஎன்ல (பிஎஃப்க்கு தர்ற ஒரே நம்பர்) எந்த கம்பெனில எந்த மாசத்துல இருந்து எந்த மாசம் வரைக்கும் இருந்தீங்கன்னு சர்வீஸ் ஹிஸ்டரி அப்படியே இருக்கு, பேக்கிரவுண்ட் செக்ல அதைத்தான் பாக்குறாங்க. சேர்ந்து ஒரு வருஷம் கழிச்சு மாட்டி வெளிய போனவங்களும் இருக்காங்க, அப்புறம் அடுத்த கம்பெனில என்னன்னு சொல்லுவீங்க?

பேக்டோர், அதாவது காசு கட்டி குறுக்கு வழில வேலை வாங்குற கதையும் இதே கும்பல்தான். ரெண்டு லட்சம் கட்டுங்க, நேரா ஜாயினிங்னு சொல்லுவாங்க, லோகோ போட்ட லெட்டர் கூட வரும், மெயில் ஐடிய பாத்தா ஜிமெயில். நல்ல கம்பெனி எதுவும் வேலை தர்றதுக்கு உங்ககிட்ட காசு கேக்காது, டெபாசிட்னு கேட்டாலும் சரி, லேப்டாப் சார்ஜ்னு கேட்டாலும் சரி. ஒருவேளை ஏற்கனவே ஆன்லைன்ல கட்டிட்டீங்கன்னா வீட்ல திட்டுவாங்கன்னு மறைச்சு வைக்காம அன்னைக்கே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் போடுங்க, லேட் ஆக ஆக அந்த காசு வேற வேற அக்கவுண்டுக்கு போயிட்டே இருக்கும்.