கிறிஸ்தவ வரலாற்று நாவல் தொடரை வாசிப்பது எப்படி? பெயர்களில் தடுக்கி விழுந்த ஒருத்தியின் செய்முறை

முதலாம் நூற்றாண்டின் எருசலேமையும் ரோமாபுரியையும் களமாகக் கொண்டு, விசுவாசத்தை மையமாக வைத்து எழுதப்பட்ட ஓர் ஆங்கில நாவல் தொடரின் ஐந்து நூல்களையும் சென்ற மழைக்காலத்தில் ஹட்டனில் இருந்தபடி வாசித்து முடித்தேன். முதல் நூலை மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் பாதியில் மூடி வைத்தவள் என்பதால், நான்காம் தடவை எனக்குக் கைகொடுத்த முறையை இங்கே எழுதி வைக்கிறேன். இந்த வகையைச் சேர்ந்த எந்தத் தொடருக்கும் இது பொருந்தும். ஆகவே நான் வாசித்ததன் பெயரைச் சொல்ல அவசியமில்லை.

முதலாம் படி: வேண்டிய பொருட்கள்

நாவல், பின்பக்கத்தில் வரைபடம் உள்ள தமிழ் வேதாகமம், ஓர் 80 பக்கக் கொப்பி, ஒரு பென்சில். பேனை வேண்டாம், முதல் நூலில் எழுதியதை மூன்றாம் நூலில் அழிக்க நேரிடும். கைத்தொலைபேசியையும் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒரு பெயரைத் தேடப் போனவள், யாரோ எழுதிய கதைச்சுருக்கத்தில் கதாநாயகனின் மரணத்தை இரண்டாம் நூலிலேயே அறிந்துகொண்டேன். அதன் பிறகு அவன் சிரித்த பக்கங்களை எல்லாம் துக்க வீட்டில் இருப்பவளைப் போலவே வாசிக்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் படி: வரிசை

நூல்கள் வெளிவந்த வரிசையிலேயே வாசியுங்கள். சில தொடர்களில் முன்கதையைப் பிற்காலத்தில் எழுதிச் சேர்த்திருப்பார்கள். கதை நடந்த கால வரிசைப்படி அதை முதலில் வாசித்தால், ஆசிரியர் மறைத்து வைத்திருந்த முடிச்சு தொடக்கத்திலேயே அவிழ்ந்துவிடும்.

மூன்றாம் படி: பெயர் அட்டவணை

என்னை மூன்று தடவை தோற்கடித்தது இந்த இடம்தான். தமிழ் வேதாகமத்தைச் சிறு வயதிலிருந்து வாசித்தவர்களுக்குக் கதை தெரியும், மனிதர்களைத் தெரியும். ஆனால் அதே மனிதர்கள் ஆங்கில நாவலில் வேறு பெயரோடு வந்து நிற்கும்போது அடையாளம் தெரிவதில்லை. பிலாத்துவும் பேதுருவும் ஒருவாறு பிடிபட்டுவிடுவார்கள். ரோமப் பேரரசரான சீசர் என்பவர் நம்முடைய இராயன்தான் என்பதும், செசரியா என்னும் ஊரின் பெயர் அவரிடமிருந்தே வந்தது என்பதும் எனக்குச் சற்றுத் தாமதமாகவே விளங்கின. ஜேம்ஸ் என்றால் யாக்கோபு என்பது கடைசி வரை விளங்கவில்லை. என் பெரியப்பாவின் பெயரே ஜேம்ஸ். அந்தப் பெயர் வேதத்திலே எங்கே இருக்கிறது என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. ஆங்கிலத்தில் ஜேக்கப் என்று ஒருவரும் ஜேம்ஸ் என்று இன்னொருவரும் வருவார்கள். தமிழில் இருவரும் யாக்கோபுதான்.

இதற்குள்ளே இன்னொரு பொறியும் இருக்கிறது. நாவலின் நடுப்பகுதியில் ஜேம்ஸ் வாளால் கொல்லப்பட்டார். நான்கு அத்தியாயங்கள் கழித்து, எருசலேமில் அப்போஸ்தலர்கள் கூடிய கூட்டத்தில் ஜேம்ஸ் எழுந்து தீர்ப்புச் சொன்னார். ஆசிரியர் மறந்துவிட்டார் என்று எண்ணிப் புத்தகத்தை மூடினேன். தவறு என்னுடையதுதான். அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரத்தில் கொலையுண்டவர் செபெதேயுவின் குமாரன். 15ஆம் அதிகாரத்தில் பேசுகிறவர் கர்த்தருடைய சகோதரன். இந்த இரண்டாமவர் 62ஆம் ஆண்டில் கல்லெறிந்து கொல்லப்பட்டதை யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். அல்பேயுவின் குமாரனாகிய யாக்கோபு என்று மூன்றாமவர் ஒருவரும் உண்டு.

ஏரோதுகளுக்குத் தனிப்பக்கம் ஒதுக்குங்கள். பெத்லகேமின் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பெரிய ஏரோது கி.மு. 4இல் இறந்துவிட்டான். யோவான் ஸ்நானகனின் தலையை வாங்கியவன் அவனுடைய மகன் அந்திப்பா. யாக்கோபைக் கொன்று, 44ஆம் ஆண்டில் இறந்தவன் பேரன், முதலாம் அகிரிப்பா. பவுலின் வாதத்தைக் கேட்ட இரண்டாம் அகிரிப்பா கொள்ளுப்பேரன். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் நம்முடைய தேயிலைத் தோட்டத்து லயங்களிலும் இருப்பதால், இந்த உறவுமுறையை மரம்போல வரைந்து பார்த்தால் சட்டென்று புரிந்துவிடும். கொப்பியில் ஒவ்வொரு பெயருக்கும் மூன்று விடயங்களை எழுதினால் போதும்: நாவலில் வரும் பெயர், தமிழ் வேதாகமப் பெயர், யாருடைய மகன் அல்லது மகள்.

நான்காம் படி: ஆண்டுகள்

ஒரு பக்கத்தில் இராயர்களை வரிசையாக எழுதுங்கள்: திபேரியு 14 முதல் 37 வரை, காலிகுலா 41 வரை, கிலவுதியு 54 வரை, நீரோ 68 வரை. பவுல் தம் வழக்கை விசாரிக்கும்படி அபயமிட்ட இராயன் நீரோவே. பக்கத்திலே 64இல் ரோமாபுரி எரிந்ததையும், 70இல் ரோமத் தளபதி தீத்து எருசலேம் தேவாலயத்தை அழித்ததையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பக்கம் ஆசிரியரையும் சோதிக்கும். ரோமாபுரியின் பெரிய அரங்கான கொலோசியம் 80ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. நீரோவின் காலத்துக் கிறிஸ்தவர்களை அங்கே சிங்கத்தின் முன் நிறுத்தும் நாவலாசிரியர் அவசரத்தில் எழுதியிருக்கிறார் என்று நீங்களே கண்டுகொள்வீர்கள். அதே காலத்தில் விசுவாசிகளை நிலத்தடிக் கல்லறைகளுக்குள் ஒளித்து வைப்பதும் அப்படித்தான். கிறிஸ்தவர்களின் அந்தக் கல்லறைச் சுரங்கங்கள் இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே தோண்டப்பட்டன. அவை அடக்கம் செய்வதற்கு உரியவை, குடியிருப்பதற்கு அல்ல.

ஐந்தாம் படி: மூன்று குறிகள்

வாசிக்கும்போது ஓரத்தில் பென்சிலால் குறியிடுங்கள். வேதத்தில் உள்ளதற்கு "வே", வரலாற்று நூல்களிலோ பிற்கால மரபிலோ உள்ளதற்கு "வ", ஆசிரியரின் கற்பனைக்கு "க". இதை வீண் வேலை என்று முதலில் நானும் எண்ணினேன். பிறகு ஒரு நாள் வாலிபர் கூட்டத்தில் சாட்சி சொல்ல எழுந்து, சிலுவையின் அருகே நின்ற நூற்றுக்கு அதிபதியின் பெயர் லொங்கினு என்றும், அவனுடைய கண் குணமானது என்றும் உருக்கமாகப் பேசினேன். முன்வரிசையில் இருந்த ஓர் அக்கா அமைதியாக, "எந்த அதிகாரம், தங்கச்சி?" என்று கேட்டார். எந்த அதிகாரத்திலும் இல்லை. பெயர் பிற்கால மரபு. கண் குணமானதும் பிற்காலக் கதை. பிலாத்துவின் மனைவி சொப்பனம் கண்டதை மத்தேயு சொல்கிறார், பெயரைச் சொல்லவில்லை. மகதலேனா மரியாளை வேசியாகக் காட்டாத நாவல் குறைவு. அவளுடைய முன்வாழ்வைப் பற்றிச் சுவிசேஷம் சொல்வதோ அவளை விட்டு ஏழு பிசாசுகள் நீங்கின என்பது மட்டுமே. மற்றது 591ஆம் ஆண்டில் போப்பாண்டவர் கிரகோரி செய்த பிரசங்கத்தால் வலுப்பெற்றது. கற்பனையைக் குறைவாக மதிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஐந்து நூல்களிலும் என்னை அழவைத்த அடிமைப்பெண் முழுவதும் "க" தான்.

ஆறாம் படி: இடத்தையும் கூலியையும் நம் ஊரில் வைத்துப் பாருங்கள்

இதிலே மலையகத்தாருக்கு வாய்ப்பு அதிகம். எருசலேம் கடல் மட்டத்துக்குச் சுமார் 750 மீற்றர் மேலே இருக்கிறது. எரிகோ சுமார் 250 மீற்றர் கீழே. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலைக்கு இறங்கியவர்களுக்கு, குளிர் கழன்று வியர்வை தொடங்கும் அந்த உணர்வு தெரியும். நல்ல சமாரியன் உவமையில் எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போய்க் கள்ளர் கையில் அகப்பட்டவன் இறங்கியதும் அப்படியொரு வழிதான், ஆனால் மரமில்லாத வழி. நாவலில் வரும் தெனாரியம் என்ற ரோமக் காசு ஒரு நாள் கூலி. தமிழ் வேதாகமம் அதைப் பணம் என்கிறது. திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் உவமையில் கடைசியாக வந்தவனுக்கும் அந்த முழுநாள் கூலி கிடைக்கிறது. அவன் வந்த பதினோராம் மணி வேளை என்பது மாலை ஐந்து மணியளவு; சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கணக்கைப் பேர் என்பார்கள். கொழுந்து பறித்தே கை காய்த்துப்போன என் அம்மாயிக்கு இந்தப் பகுதியை வாசித்துச் சொன்னபோது, "அப்ப அந்த ஆளுக்கு அரைப்பேர் போடல, முழுப்பேரே போட்டிருக்காரு" என்றார். மூன்று பக்க விளக்கத்தில் ஆசிரியர் சொல்ல முயன்றது அதைத்தான்.

பின்சேர்க்கை: பண்டாரவளையிலிருந்து எழுதிய ஒரு கத்தோலிக்க வாசகி, என் பெயர் அட்டவணை தமக்குப் பாதிதான் உதவியது என்கிறார். அவர் வைத்திருக்கும் திருவிவிலியத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் என்று தேடினால் கிடைக்காது. திருத்தூதர் பணிகள் என்று பார்க்க வேண்டும். ரோமாபுரி அங்கே உரோமை. அவருடைய பாட்டியோ பேதுருவை இராயப்பர் என்றும், பவுலைச் சின்னப்பர் என்றும், யோவானை அருளப்பர் என்றும், யாக்கோபை யாகப்பர் என்றும் சொல்பவர். "சீசர் என்றால் இராயன்" என்ற என் குறிப்பைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டியதும், இராயப்பரையா கொடுங்கோலன் என்கிறாய் என்று கோபித்துக்கொண்டாராம். எனவே உங்கள் வீட்டில் பழைய செபப்புத்தகம் இருந்தால், கொப்பியில் நான்காவதாக இன்னொரு நிரலைக் கோடிட்டுக்கொள்ளுங்கள்.